வாயைத் திறக்கச் சொல்லும் முன்

விடியற்காலை ஐந்து மணிக்கு வேலூர் லாங் பஜாரில் நின்று பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? கடைகளின் ஷட்டர்கள் மூடியிருக்கும். மண்டித் தெருப் பக்கம் லாரியில் இருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். முந்தைய நாள் வியாபாரம் விட்டுப்போன அழுகிய தக்காளி, வாழை இலை, கிழிந்த சாக்கு, கால் வைத்தால் வழுக்கும் சேறு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டிருப்பவர்கள் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் காலனிகளில் இருந்து நடந்து வருகிறவர்கள். கையுறை இருந்தால் ஒரு கைக்கு இருக்கும், இன்னொன்று கிழிந்திருக்கும். வேலை தொடங்கும் முன் டீ. டீ முடிந்ததும் இடுப்பில் செருகிய சுருக்குப் பை வெளியே வரும். ஒரு சிட்டிகை போயிலை கன்னத்தில் அடங்கும். அதற்குப் பிறகுதான் துடைப்பம்.

சென்ற ஆண்டு நாங்கள் சிலர் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். எங்களில் இருவர் கல்லூரி மாணவிகள், ஒருவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்த்து நின்றவர். புகையிலையை விடுவது பற்றிப் பேசலாமா என்று கேட்டோம். ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் நாறுதுன்னு சொல்லத்தானே வந்தீங்கோ? அத எங்கூட்டு ஆம்பளயே தெனம் சொல்றான். ஆஸ்பத்திரில சொல்றாங்கோ. நீங்க வேற எதுக்கு?" என்றார்.

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிப் பார்த்த பதில். இதை இளம் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் எழுதுகிறோம். ஏனென்றால் நாளை ஒரு மருத்துவ முகாமுக்கோ நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கோ கையில் துண்டறிக்கையோடு நம் காலனிக்குள் வரப்போகிறவர்கள் நீங்கள்தான்.

புகை அல்ல, மெல்லுவது

புகையிலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிகரெட் பிடிக்கும் ஆண். சுவரொட்டிகளும் சினிமா தொடங்கும் முன் வரும் எச்சரிக்கையும் அந்த ஆணோடுதான் பேசுகின்றன. பெண்களின் கணக்கு வேறு. 2016-17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைபிடிக்கும் பெண்கள் 2 சதவீதம். புகையில்லாப் புகையிலை, அதாவது மெல்லும், அதக்கும், பல்லில் தேய்க்கும் புகையிலை பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். தேசியக் குடும்பநல ஆய்வுகள் வரிசையாகக் காட்டுவது இன்னொன்று: ஏழ்மை கூடக்கூட, படிப்பு குறையக் குறைய இந்தப் பழக்கம் கூடுகிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருக்கிறது.

வெற்றிலை பாக்கோடு புகையிலை, ஹான்ஸ், மாவா, பல்லில் தேய்க்கும் பொடி. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது நிகோடினும் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன்களும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பாக்கு தனியாகவே அதே பிரிவில் இருக்கிறது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோய்க்குப் பாக்குதான் முக்கியக் காரணம். கருவுற்ற பெண் மென்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், நாள் நிறையாமல் பிறக்கலாம், இறந்தே பிறக்கலாம். இதில் எங்களுக்கு ஊசலாட்டம் எதுவும் இல்லை. புகையிலை நம் பெண்களைக் கொல்கிறது, அது போக வேண்டும். எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் பேச்சு இருக்கிறது.

எதற்காக வாயில் வந்தது

அந்த அக்காவிடமும் மற்றவர்களிடமும் ஏன் போடுகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முதன்முதலில் எப்போது போட்டீர்கள் என்று கேட்டோம். பதில்களைக் கேட்டால் இது வெறும் பழக்கம் இல்லை என்று புரியும்.

ஒருவருக்குப் பல் வலி. பல் டாக்டரிடம் போகக் காசில்லை, மாமியார் ஒரு துண்டு புகையிலையைக் கொடுத்து வலிக்கிற இடத்தில் அடக்கச் சொன்னார். இன்னொருவருக்குப் பசி. காலையில் சமைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்தால், மதியம் வரை வயிற்றைக் கேட்கவிடாமல் வைத்திருப்பது அந்தச் சிட்டிகை. சாக்கடை அள்ளும் அம்மாவுக்கு நாற்றம். "இது இல்லாம குனிய முடியாது பாப்பா" என்றார். தோல் ஷாப்பில் ஈரத்தோலோடும் சுண்ணாம்புத் தொட்டியோடும் வேலை செய்த வயதானவர்களும் இதையேதான் சொன்னார்கள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்களுக்கு டார்கெட். எழுந்து போனால் பீஸ் குறையும், சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வறண்ட வாயில் ஒரு பாக்கு. ஒன்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள்: "அத போட்டா கொஞ்ச நேரம் என் நேரம்."

நாள் முழுக்க அடுத்தவர் நேரத்தில் வாழ்கிற பெண்ணுக்குத் தனக்கென்று கிடைக்கும் ஐந்து நிமிடம் அது. அந்த ஐந்து நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு எதுவும் தராத அறிவுரை எதுவும் நிற்காது.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் போனால் கதை இன்னும் சிக்கலாகும். அங்கே வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். நம்மவர்களும் உண்டு, இஸ்லாமியப் பெண்களும் உண்டு. பலர் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்ததில்லை. ஆனால் நாளெல்லாம் தூளை மூக்கிலும் தோலிலும் வாங்குகிறார்கள். பீடி சுற்றுவோரின் சிறுநீரில் நிகோடினின் தடயம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பீடித் தொழிலாளருக்கென்று 1966இல் சட்டம் வந்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த நிதிக்கான செஸ் போய்விட்டது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும் போகவில்லை. புகையிலையை விடு என்று அவளிடம் சொன்னால் அவள் கேட்பாள்: எதை விடுவது, வாயில் இருப்பதையா, மடியில் இருப்பதையா?

நம் ஆயாக்களிடம் கேட்டுப் பாருங்கள். பண்ணையில் அறுப்புக்குப் போனபோது கூலி நெல்லோடு வெற்றிலை பாக்கும் போயிலையும் கொடுத்ததைச் சொல்வார்கள். களைத்த உடம்பை இன்னும் இரண்டு மணி நேரம் நிமிர்த்தி வைக்க ஆண்டைக்கு அது மலிவான வழி. இன்று கொடுக்கிற கை மாறியிருக்கிறது. வாங்குகிற வாய் மாறவில்லை.

எச்சிலும் சாதியும்

இப்போது அந்த அக்கா சொன்ன ஆஸ்பத்திரிக்கு வருவோம். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னது இது. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் திட்டு. காரம் பட்டால் எரிகிறது. ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். வரிசையில் நின்று உள்ளே போனதும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போய் வாயைக் கழுவிட்டு வா, எந்தக் காலனி நீ?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கும் கன்னத்துத் திட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. வாயைக் கழுவப் போனவர் குழாயடியில் இருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அந்தத் திட்டு அதன் பிறகு எட்டு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

அம்பேத்கர் 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதவர் தன் எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண் கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அதில் சொல்கிறார். நம் எச்சில் அவர்களுக்கு எப்போதுமே ஒரு விஷயமாக இருந்திருக்கிறது. கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுச் சிவந்த வாயோடு பேசும் பெரிய மனிதரைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அதே வெற்றிலை, அதே பாக்கு. துடைப்பம் பிடித்த கைக்காரி போட்டால் அது அசிங்கம், அறிவில்லாமை, "இதுங்க திருந்தாது".

பழக்கத்தை விடவைக்க வெட்கப்படுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்கப்பட்டவர் பழக்கத்தை விடுவதில்லை. ஆஸ்பத்திரியைத்தான் விடுகிறார். பழக்கத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். மறைத்த வாயில் வரும் புற்று முற்றிய பிறகே தெரியவருகிறது.

வேறு நிலத்தில் இதே கேள்வி

1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் கருப்பினத் தோழர்களிடம் இருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பது நமக்குப் புதிதில்லை. இந்த விஷயத்தில் நமக்குக் கற்றுத்தரக்கூடியவர்கள் நியூசிலாந்தின் மவோரிப் பெண்களும் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண்களும்.

1988இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் செவிலியர் கல்வி பற்றி நடந்த ஒரு மவோரிக் கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டார். சட்டப்படி பாதுகாப்பு, மருத்துவப்படி பாதுகாப்பு என்று பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு? அந்தக் கேள்வியை இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மவோரிச் செவிலியர் எடுத்து வளர்த்தார். 1992இல் அந்த நாட்டுச் செவிலியர் மன்றம் அதைப் பயிற்சியின் பகுதியாக்கியது. பண்பாட்டுப் பாதுகாப்பு என்று அதை மொழிபெயர்த்தால் ஏதோ நாட்டுப்புறக் கலை விழா போலத் தோன்றும். ராம்ஸ்டன் சொன்னது அதுவல்ல. மவோரி உடையை, உணவை, சடங்கைச் செவிலியர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. செவிலியர் தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும், தான் சுமந்து வரும் இளக்காரத்தையும் முதலில் பார்க்க வேண்டும் என்றார். கிடைத்த சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை சிகிச்சை கொடுத்தவருக்கு இல்லை, பெற்றவருக்கே என்றார். நம் மொழியில் சொன்னால், மானத்துக்குக் குறைவு வராத மருத்துவம். குறைவு வந்ததா இல்லையா என்பதை நாம்தான் சொல்வோம்.

ஆஸ்திரேலியாவின் கதை நம் ஆயாக்களின் கதையை நினைவூட்டும். அங்கே பண்ணைகளிலும் மிஷன்களிலும் பூர்வகுடி மக்களுக்கு மாவு, சர்க்கரை, டீத்தூளோடு புகையிலையையும் ரேஷனாகக் கொடுத்து வேலை வாங்கினார்கள். கூலிக்குப் பதில் புகையிலை. பிறகு அதே மக்களைப் பார்த்து ஏன் இவ்வளவு புகைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 2010இல் தொடங்கிய பூர்வகுடியினருக்கான புகையிலை ஒழிப்புத் திட்டத்தில் வேலையை அந்தந்த வட்டாரத்தின் பூர்வகுடி அமைப்புகளிடமே பெருமளவு கொடுத்தார்கள். அவர்கள் ஊழியர், அவர்கள் முகம், அவர்கள் பேச்சு. 2004-05இல் பூர்வகுடிப் பெரியவர்களில் பாதிப் பேர் தினமும் புகைத்தார்கள். 2018-19இல் அது 40 சதவீத அளவுக்கு இறங்கியது. இது ஒரே திட்டத்தின் சாதனை என்று சொல்லவில்லை. வரியும் சட்டமும் சேர்ந்துதான் செய்தன. ஆனால் "இதுங்க திருந்தாது" என்பது பொய் என்பதற்கு அது போதும். இப்போது அங்கே பூர்வகுடிப் பெண் ஆய்வாளர்களே முன்னின்று, சிகரெட்டையும் வேப்பையும் விட விரும்பும் பெண்களுக்குப் பெண்களாகவே கூடும் குழுக்களை உருவாக்கிவருகிறார்கள்.

2024 ஜூலையில் உலக சுகாதார அமைப்பு புகையிலையை விடுவதற்கான தன் முதல் சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. அதிலும் மருந்தோடு குழு ஆலோசனைக்கு இடம் இருக்கிறது. ஆகவே கூடி உட்கார்ந்து விடுவது கிராமத்து வைத்தியம் அல்ல. சான்று உள்ள முறை.

எங்கள் வட்டம் எப்படி உட்கார்ந்தது

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த அக்காவிடம் திரும்பிப் போனோம். நாங்கள் செய்ததை வெற்றிக் கதையாகச் சொல்ல விரும்பவில்லை. செய்ததில் எது நின்றது, எது விழுந்தது என்று சொல்கிறோம். உங்கள் ஊரில் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

முதல் தவறு, ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வைத்தது. ஞாயிறு காலை துணி துவைக்கும் நேரம். யாரும் வரவில்லை. பிறகு அவர்களே இடத்தைச் சொன்னார்கள். வேலை முடிந்த பிறகு, காலனியில் அங்கன்வாடிக்கு எதிரே இருக்கும் வேப்பமரத்தடி. அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது தவறு, புற்றுநோய்ப் படங்களைக் கொண்டுபோனது. கிழிந்த கன்னத்தின் படத்தைப் பார்த்ததும் ஒரு அம்மா எழுந்து போய்விட்டார். அவருடைய தம்பி அப்படித்தான் செத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. பொட்டலத்தின் மேலேயே அந்தப் படம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்தேதான் வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு நாங்கள் படம் எடுத்துப் போகவில்லை.

நின்ற விஷயங்கள் இவை. வட்டத்தை நடத்துபவர் விட்டுவிட்ட ஒருவராக இருக்க வேண்டும். டாக்டர் அல்ல, நாங்களும் அல்ல. எங்கள் வட்டத்தில் அது, இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஹான்ஸை விட்ட ஒரு தையல் தொழிலாளி. அவர் பேசினால் கேட்கிறார்கள். "மூணு நாள் பேய் பிடிச்சா மாதிரி இருந்தேன். புள்ளய அடிச்சேன். நாலாவது நாள் அழுதேன். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா போச்சு." இதில் மருத்துவம் இருக்கிறது. நிகோடினை விட்டால் முதல் இரண்டு மூன்று நாட்களே கடுமை. எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, பசி எல்லாம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு முறை எழும் தவிப்பும் சில நிமிடம்தான். இதைப் புத்தகம் சொன்னால் தகவல். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் தைரியம்.

வட்டத்தில் மூன்று விதிகள் வைத்தார்கள், அவர்களே வைத்தார்கள். யாரும் யாருடைய வாயைப் பற்றியும் கிண்டல் செய்யக் கூடாது. திரும்பப் போட்டவர் வந்து சொல்லலாம், யாரும் திட்டக் கூடாது. இங்கே பேசியது வீட்டு ஆண்களிடம் போகக் கூடாது. மூன்றாவது விதி ஏன் என்று நாங்கள் கேட்டோம். "அப்பறம் அடிக்கும்போது அதையும் சொல்லி அடிப்பான்" என்றார்கள்.

கைக்கும் வாய்க்கும் வேறொன்று வேண்டும். ஏலக்காய், கிராம்பு, வறுத்த சோம்பு, உலர்ந்த நெல்லிக்காய் என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சுருக்குப் பை அப்படியே இடுப்பில் இருக்கிறது, உள்ளே இருப்பது மாறியிருக்கிறது. வெற்றிலையை என்ன செய்வது என்று பெரிய விவாதம். சாவு வீட்டில், நிச்சயதார்த்தத்தில் தட்டில் வரும் வெற்றிலையை வேண்டாம் என்றால் உறவை வேண்டாம் என்றது போல ஆகிவிடும். பாக்கும் புகையிலையும் இல்லாமல் வெறும் வெற்றிலையை மடித்து வாங்கிக்கொள்வது என்று முடிவானது. உறவும் போகாது, வாயும் போகாது. இந்தத் தீர்வு எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை.

நிகோடின் சூயிங்கம் பற்றியும் பேசினோம். 2 மில்லிகிராம் கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சாதாரண பபுள்கம் போல மென்று தள்ளக் கூடாது. மெதுவாக நாலு மெல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வை, காரம் போனதும் திரும்ப மெல். புகையிலையை அடக்கத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டது. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. விலைதான் சிக்கல். பத்து ரூபாய் பொட்டலத்தை நாளுக்கு மூன்று வாங்கினால் மாதம் 900 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். ஆனால் அந்த 900 ஒரே நாளில் கையில் இருப்பதில்லை, பத்துப் பத்தாகத்தான் போகிறது. கம் அட்டையை ஒரே நாளில் காசு கொடுத்து வாங்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் சேமிப்புப் பெட்டி நடத்திய அனுபவம் இங்கே கைகொடுத்தது. பொட்டலத்துக்குப் போகும் பத்தை உண்டியலில் போட்டார்கள். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு முறை இன்று நம் காலனிகளில் எல்லோருக்கும் தெரிந்தது. வட்டமாக உட்காரவும் கணக்குப் பார்க்கவும் நம் பெண்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிலர் விட்டுவிட்டார்கள். சிலர் குறைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் திரும்பப் போட ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் மறுபடி வட்டத்துக்கு வந்தார். கன்னத்தில் வெள்ளைத் திட்டோடு எட்டு மாதம் இருந்தவரை வட்டத்தில் இருந்து மூன்று பேர் கூட்டிக்கொண்டு வேறொரு மருத்துவமனைக்குப் போனார்கள். திட்டு இன்னும் புற்றாக மாறவில்லை, தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரோடு போனதால் யாரும் எந்தக் காலனி என்று கேட்கவில்லை.

சில கேள்விகளுக்கு

"சாதிக் கொடுமையும் கூலிக் கொள்ளையும் இருக்கும்போது போயிலை ஒரு பிரச்சினையா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் கூட்டம் முடிந்ததும் வெளியே சிகரெட் பற்றவைக்கிறவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். போயிலை தனிப் பிரச்சினை இல்லை. பசியைப் பேசாமல், கழிப்பறையைப் பேசாமல், டார்கெட்டைப் பேசாமல் போயிலையைப் பேச முடியாது. வட்டத்தில் நான்காவது வாரமே பேச்சு கையுறைக்கும் குடிதண்ணீருக்கும் போய்விட்டது. குடிநீர், கழிப்பறை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு எல்லாம் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த உரிமைகள். அவை முழுதாகக் கிடைத்திருந்தால் பல பெண்களுக்கு அந்தச் சிட்டிகையே தேவைப்பட்டிருக்காது.

"நம் பெண்கள் மட்டும் தனியாக உட்கார்வது நம்மை நாமே ஒதுக்கிக்கொள்வதில்லையா?" இதுவும் நல்ல கேள்வி. எங்கள் பதில்: ஊரும் சேரியும் பிரிந்தது நாம் உட்கார்ந்ததால் அல்ல. வாயைத் திறந்து காட்ட ஒரு பெண்ணுக்குப் பயமில்லாத இடம் முதலில் வேண்டும். அங்கே நிமிர்ந்த பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போவாள். பேரணாம்பட்டில் பீடி சுற்றும் இஸ்லாமியப் பெண்களுக்கும், ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கும், இருளர் பெண்களுக்கும் அவரவர் வட்டம் அவரவர் கையில் இருக்க வேண்டும். அவர்களுக்காக நாம் பேசப் போனால், நம்மிடம் மற்றவர்கள் செய்ததையே நாம் அவர்களிடம் செய்தவர்களாவோம்.

மூன்றாவது கேள்வி எங்களை நாங்களே கேட்டது. 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் தீய பழக்கங்களில் இருந்து விலகியிருக்கச் சொன்னார். நம் மேடைகளில் அந்தப் பகுதியை எடுத்து நம் பெண்களையே திட்டுகிறோம். அதே பேச்சில் ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தால்தான் அளப்பேன் என்று அவர் சொன்னதையும், பிள்ளைகளைத் தாழ்வு மனப்பான்மை இல்லாமல் வளர்க்கச் சொன்னதையும் விட்டுவிடுகிறோம். தன்மானத்தைக் கொடுத்துவிட்டுப் பழக்கத்தை எடுத்தால்தான் அது அம்பேத்கரியம். தன்மானத்தைப் பறித்துப் பழக்கத்தை எடுக்கப் பார்த்தால் இரண்டும் நடக்காது.

மாணவர்களே, இது உங்களுக்கு. கூல் லிப் பையை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று மத்திய அரசைக் கேட்டது. வேப் எனும் மின்சிகரெட் 2019இலேயே நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. குட்காவுக்கும் மெல்லும் புகையிலைப் பொட்டலத்துக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. ஆனாலும் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பையன் வழி காட்டுவான். தடை வேண்டும். ஆனால் தடை மட்டும் போதாது என்பதற்கு நம் தெருவே சாட்சி. ஆயாவுக்கு அறிவுரை சொல்லும் முன் உங்கள் விடுதி அறையில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கு வருகிறார்கள், நல்லது. 2023 நவம்பரில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் ராணிப்பேட்டையும் ஆம்பூர் அடங்கிய திருப்பத்தூரும் இருந்தன. அதுவும் நல்லது. ஆனால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இத விட்டுடும்மா" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனால் போதாது. விடுவதற்குத் துணை வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, அழைத்துப் பேசலாம். ஆனால் சொந்த போன் இல்லாத, போன் கணவன் கையில் இருக்கும் பெண் அதில் எப்படிப் பேசுவாள்?

எனவே கேட்போம். காலனிகளிலேயே, விட்டுவிட்ட பெண்களையே சம்பளம் கொடுத்து வட்டம் நடத்த நியமிக்க வேண்டும். நிகோடின் கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈஎஸ்ஐ மருந்தகத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஷூ கம்பெனிகளில் வட்டத்துக்கான அரை மணி நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். தூய்மைப் பணியாளருக்கு முழுக் கையுறையும் முகக்கவசமும் காலை உணவும் வேண்டும். பீடி சுற்றும் பெண்களுக்கு மாற்று வேலை வந்த பிறகுதான் முறத்தைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் எந்தக் காலனி என்று கேட்கிறவர் மீது புகார் கொடுத்தால் அது புகாராகப் பதிவாக வேண்டும்.

அந்த அக்கா இன்னும் முழுதாக விடவில்லை. நாளுக்கு ஒன்று என்று குறைத்திருக்கிறார், காலையில் குனியும் முன் போடுவது மட்டும். போன வாரம் லாங் பஜாரில் பார்த்தோம். "இந்த ஒண்ணயும் எப்ப விடுவீங்க அக்கா?" என்று எங்களில் இளையவள் கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. சாக்கடை ஓரம் குவித்து வைத்திருந்த சேற்றைக் காட்டினார். "இத அள்ள மிஷின் எப்ப வருதோ, அன்னிக்கு" என்றார்.

அந்த ஒன்றை அவர் வாயில் இருந்து எடுக்கும் வேலை அவருடையது மட்டும் அல்ல. மீதி வேலை நம்முடையது.

ஜெய்பீம்.